முகவரி யார் பெயரில் இருக்கிறது?



பாலக்காட்டின் கிழக்கெல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களிலும், இடுக்கியின் மறையூர், மூணாறு, குமுளி, வண்டன்மேடு வட்டாரங்களிலும் தொழில் நடத்தும் சிறு வணிகர்கள் இரண்டு மாநிலத்து வாடிக்கையாளர்களை நம்பி வாழ்பவர்கள். அவர்களுக்கு வலைத்தளம் அமைத்துத் தரும் தொழிலில் இறங்கும் இளம் கலைஞர் தொடக்கத்திலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்ள நேர்கிறது. நிரல் வரிகளைத் தாமே எழுதித் தளத்தை அடியிலிருந்து கட்டுவதா, அல்லது விக்ஸ், ஷாப்பிஃபை, ஸோஹோ சைட்ஸ் போன்ற தளமமைப்புச் சேவை ஒன்றில், அதாவது டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்த வடிவங்களை வைத்துக்கொண்டு மாதக் கட்டணத்துக்கோ ஆண்டுக் கட்டணத்துக்கோ இடம் தரும் நிறுவனத்தில், படங்களையும் எழுத்தையும் இட்டு நிரப்பிக் கொடுப்பதா என்பதே அது. இக்கேள்விக்குப் பலரும் தத்தம் திறமையைப் பொறுத்தே விடை சொல்கின்றனர்: நிரல் தெரிந்தவர் நிரலையும், தெரியாதவர் சேவையையும் பரிந்துரைக்கிறார். வணிகரின் பக்கம் நின்று பார்த்தால் விடை வேறிடத்தில் தொடங்குகிறது. தளத்தின் பெயர், அதிலுள்ள எழுத்தும் படமும், அதன் வழியாக வந்து சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியல் ஆகிய மூன்றும் வணிகரின் கையில் இருக்கின்றனவா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டியது. அது தீர்ந்துவிட்டால் இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் பெருந்தீங்கு நேராது, தீராவிட்டால் எதைத் தேர்ந்தாலும் நேரும்.

இதற்குச் சான்று அண்மைக் காலத்திலேயே இருக்கிறது. 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்த கூகுள் நிறுவனத் தலைவர் சுந்தர் பிச்சை, இந்தியச் சிறுதொழில்கள் கைபேசியிலிருந்தே இலவசமாக வலைப்பக்கம் அமைத்துக்கொள்ளும் வசதி ஒன்றை அறிவித்தார். அந்த ஆண்டிலேயே அது உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. கடையின் பெயர், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைக் கூகுள் வரைபடப் பதிவிலிருந்தே எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் பக்கம் உருவாகிவிடும், அதன் முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். 2024 மார்ச்சில் கூகுள் அச்சேவையை நிறுத்தியது. அவ்வாண்டு ஜூன் 10 வரை பழைய முகவரியைத் தேடி வந்தவர்கள் கூகுளின் வணிகப் பதிவுக்குத் திருப்பிவிடப்பட்டனர். அதன்பின் அந்த முகவரிகள் செயலிழந்தன. சொந்தமாக ஒரு பெயரைப் பதிவு செய்து அப்பக்கத்தோடு இணைத்திருந்த வணிகர் அதே பெயரை வேறொரு தளத்துக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது. இலவச முகவரியையே பெயர்ப்பலகையிலும் பொட்டலத்திலும் விசிட்டிங் கார்டிலும் அச்சிட்டிருந்தவருக்கு அந்த அச்சு முழுவதும் பயனற்றுப் போனது. 2009-ல் யாஹூ நிறுவனம் தன் இலவச வலைப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோதும் இத்தகைய இழப்பே நேர்ந்தது. இரண்டு நிறுவனங்களும் முன்னறிவிப்புக் கொடுத்தே மூடின. ஆனால் ஆங்கிலத்தில் வந்த ஒரு மின்னஞ்சலைப் படித்துப் பொருள் புரிந்து ஆவன செய்ய ஆளில்லாத கடைக்கு முன்னறிவிப்பால் என்ன பயன்?

ஆகவே டொமைன் பற்றி இளம் கலைஞர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். டொமைன் என்பது வலையில் ஒரு தளத்தைச் சுட்டும் பெயர். 'டாட் காம்', 'டாட் இன்' போன்ற ஒட்டுகளோடு முடிவது. அதை வாங்குவதாகப் பேச்சில் சொன்னாலும், பதிவாளர் நிறுவனம் ஒன்றின் வழியாகக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறப்படும் பயன்பாட்டுரிமையே அது. 'டாட் இன்' பெயர்களின் தலைமைப் பதிவேட்டை நிக்ஸி எனப்படும் இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. ஒரே தவணையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். புதுப்பிக்கத் தவறினால், சிறிது காலத்துக்குப் பின் அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்பாளர் தம் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து வாடிக்கையாளரின் டொமைனைத் தம் பெயரிலேயே பதிவு செய்துவிடும் வழக்கம் இத்தொழிலில் பரவலாக இருக்கிறது. வேலை விரைவில் முடிகிறது, வணிகருக்கு ஓடிபி சொல்லும் தொல்லையும் இல்லை. ஆனால் வடிவமைப்பாளர் சில ஆண்டுகளில் கொச்சிக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் சென்று, பழைய எண்ணையும் மாற்றிவிட்டபின், புதுப்பிப்புக்கான நினைவூட்டல் யாரும் பார்க்காத அஞ்சல்பெட்டியில் கிடக்கிறது. இது மோசடி எண்ணத்தால் நேர்வதன்று, பெரும்பாலும் அவசரத்தால் நேர்வது. விளைவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மூணாற்றில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்த்தால் இதன் எடை விளங்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுவதும் பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. 2018-ல் பருவம் தொடங்கிய ஆகஸ்டிலேயே பெருவெள்ளமும் நிலச்சரிவும் வந்து சாலைகளை மூடியதால், பல ஆண்டுகளாகக் காத்திருந்த விடுதிக்காரர்கள் எதிர்பார்த்த வருகை குலைந்தது. அடுத்த பெரும் பூப்பு 2030-ல் எதிர்பார்க்கப்படுகிறது. இன்று அந்தக் குடும்பத்துக்கு அமைக்கப்படும் தளம் அந்த ஆண்டில் அதே பெயரில் திறக்க வேண்டும், 2018-ல் தங்க வந்து ஏமாந்து திரும்பியவர்களின் தொடர்பு எண்கள், அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தால், அன்று கைக்கெட்ட வேண்டும். அறை முன்பதிவு நிறுவனங்கள் விருந்தினரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பது உண்மையே. எனினும் ஒவ்வொரு முன்பதிவிலும் தரகு எடுத்துக்கொண்டு, விருந்தினருடனான உறவையும் அவை தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. சொந்தத் தளத்தின் முதன்மைப் பயன், இரண்டாம் முறை வருபவர் நேரடியாக அழைப்பதற்கு வழி செய்வதே. அதற்காக முன்பதிவு நிரலைப் புதிதாக எழுதத் துணிவது இளம் கலைஞருக்கு நல்லதன்று. ஒரே அறை ஒரே நாளில் இருவருக்குப் பதிவாகாமல் தடுப்பது, வெளி நிறுவனங்களின் நாட்காட்டியோடு ஒத்திசைப்பது, பணத்தைத் திருப்பித் தருவது ஆகிய ஒவ்வொன்றிலும் பிழைக்கு இடமுண்டு. ஆயிரக்கணக்கான விடுதிகளில் ஓடித் தேய்ந்த சேவையொன்று இவ்வேலையை மேலாகவே செய்யும்.

எல்லா வணிகத்துக்கும் இவ்வளவு தேவையில்லை. மண்பானையின் வாயில் கட்டிய வலைமேல் துணி விரித்து அவிக்கப்படும் ராமசேரி இட்லியைத் தேடி வருபவருக்கு வேண்டியது இடமும் நேரமும் தொலைபேசி எண்ணும் மட்டுமே. வரைபடத்தில் சரியான பதிவும் வாட்ஸ்அப் எண்ணும் இருந்தால் அத்தகைய கடைக்கு வலைத்தளமே வேண்டாம் என்று சொல்லும் நேர்மை ஆலோசகருக்கு இருக்க வேண்டும். மறையூரிலும் காந்தளூரிலும் கரும்புச்சாறு காய்ச்சி உருண்டை பிடிக்கும் வெல்ல உற்பத்தியாளரின் நிலை வேறு. மறையூர் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது; அதாவது அந்தப் பெயரை அந்த வட்டாரத்தில் உரிய முறையில் செய்யப்பட்ட பொருளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற சட்டப் பாதுகாப்பு அதற்கு உண்டு. வெளியூர் வெல்லம் அதே பெயரில் விற்பனைக்கு வரும் சந்தையில், ஆலை இருக்கும் இடம், காய்ச்சும் முறை, உரிமச் சான்று ஆகியவற்றைக் காட்டும் மூன்று நான்கு பக்கங்களே அவருக்குப் போதும். இங்கே கையால் எழுதிய நிரல்தான் சிறந்தது. தரவுத்தளமோ, பிளக்இன் எனப்படும் இணைப்பு நிரல்களோ இல்லாத நிலையான பக்கம், மலைச்சரிவில் சிக்னல் மெலியும் இடத்திலும் விரைவாகத் திறக்கும், ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டாலும் பழுதாகாது, எந்த ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும், அதாவது கோப்புகளை வைத்துப் பரிமாறும் எந்தக் கணினிச் சேவைக்கும், ஒரே மணி நேரத்தில் மாற்றிவிடக்கூடியது. அடிக்கடி மாறும் விலையை மட்டும் அதில் எழுதாமல் வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்லிவிடலாம்.

முதலமடையின் மாந்தோப்புக்காரர் நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பாகவே, ஜனவரி வாக்கில் காய் இறக்கத் தொடங்கி, சில மாதங்களில் விற்பனையை முடித்துவிடுபவர். பெட்டி பெட்டியாக நேரடியாக விற்க விரும்பினால் அவருக்குச் சரக்கு இருப்பும் பணப்பெறலும் அனுப்பல் கணக்கும் ஒருங்கே வேண்டும்; இவற்றைத் தரும் சேவையில் சேர்வதே முறை, ஆனால் விற்பனையில்லாத மாதங்களில் குறைந்த கட்டணத்தில் தளத்தை உறங்க வைக்க இயலுமா என்பதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். பெருவெம்பில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் செய்யும் கைவினைஞருக்குக் கூடை வைத்த கடைத்தளம் பொருந்தாது. சுருதி, அளவு, தோலின் தன்மை ஆகியவற்றை வாசிப்பவரிடம் கேட்டறியும் ஒரு விண்ணப்பப் படிவமும், செய்து முடித்த கருவியின் ஒலிப்பதிவும் போதும்.

அப்படியானால் பெரிய அளவில் நிரல் எழுதிக் கட்டுவது எங்கே தகும்? புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப்பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் கட்டமைப்பில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தை எடுத்துக்கொண்டால், உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள், விவசாயிகள் கொண்டுவரும் குவியல்கள், வியாபாரிகளின் முனையங்களிலிருந்து நொடிக்கு நொடி ஏறும் விலை என்று அதன் விதிகள் அத்தொழிலுக்கே உரியவை. எந்த டெம்ப்ளேட்டிலும் அவை அடங்கா. தொழிலின் விதி தனித்ததாக இருக்கும்போதுதான் நிரலும் தனித்து எழுதப்பட வேண்டும். ஷாப்பிஃபையின் வரலாறும் இதையே காட்டுகிறது: கனடாவின் ஒட்டாவாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க 2004-ல் இணையக் கடை தொடங்கிய டோபியாஸ் லுட்கே, கிடைத்த மென்பொருள்கள் போதாமல் தாமே நிரல் எழுதினார்; அந்தத் தேவை பலருக்கும் பொதுவானது என்று தெரிந்தபின் 2006-ல் அதே நிரல் ஒரு சேவையாக வெளிவந்தது. பொதுவான தேவைக்கு மறுபடியும் அடியிலிருந்து எழுதுவது வணிகரின் பணத்தை விரயம் செய்வதாகும். சுருங்கிய தேவைக்கும் தனித்த தேவைக்கும் கைநிரல், இடைப்பட்ட பெருந்திரளுக்குச் சேவை என்பதே இந்த எல்லைப் பகுதியின் தொழில்களைப் பார்க்கும்போது தெளியும் முடிவு.

இடைவழியாகப் பலரும் நாடுவது வேர்ட்பிரஸ். 2003 மே மாதம் வெளியான இந்தக் கட்டற்ற மென்பொருள் இன்று உலகின் வலைத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை இயக்குகிறது. தளத்தை முழுமையாக எடுத்து வேறிடம் பெயர முடிவது இதன் பெருஞ்சிறப்பு. இதற்கு ஈடாக அது கேட்பது இடைவிடாப் பராமரிப்பு: புதுப்பிக்கப்படாத பிளக்இன் வழியாகவே ஊடுருவல்கள் மிகுதியாக நேர்கின்றன. பராமரிக்க ஆளில்லாத கடைக்கு வேர்ட்பிரஸ் அமைத்துக் கொடுத்துவிட்டு விலகுவதைவிட, பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் கட்டணச் சேவை மேல். ஆனால் விக்ஸில் அமைத்த தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துச் செல்ல இயலாது என்பதை அந்நிறுவனமே தன் உதவிப் பக்கங்களில் தெரிவிக்கிறது. ஷாப்பிஃபையில் பொருட்பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நம் மண்ணின் நிறுவனம் என்ற பெருமிதம் இயல்பானது, எனினும் அதனிடமும் இதே கேள்விகளைக் கேட்டபின்பே முடிவெடுக்க வேண்டும்.

மொழி பற்றிய கவனம் இப்பகுதியில் மிகத் தேவை. தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் தனித்தனி முகவரியுள்ள பக்கங்களாக இருக்க வேண்டும். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய வாசகத்தை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளும் ஒன்றுபோல் படிக்கும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றாமல் இட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையே தெரியும். வாசகத்தைப் படமாக ஒட்டினால் தேடுபொறி அதை நம்பத்தக்க வகையில் படிக்காது, பார்வையற்றோரின் வாசிப்புக் கருவியும் படிக்காது. ஆங்கிலத்துக்காக வரைந்த டெம்ப்ளேட்டின் பொத்தான்களில் நீண்ட தமிழ்ச் சொற்கள் பாதியில் ஒடிந்து நிற்பதை, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, விலை மலிந்த கைபேசி ஒன்றில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் சார்ந்த சில செய்திகளும் உள்ளன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. எனவே பணப்பெறலை எப்போதும் உரிமம் பெற்ற நிறுவனத்திடமே விட வேண்டும். உணவுப்பொருள் விற்கும் தளத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் தெரிய வேண்டும். கோவிந்தாபுரத்துக் கடைக்காரர் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு வரிக்குரிய சரக்கை அனுப்பினாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்றுமுதல் சிறிதாயினும் ஜிஎஸ்டி பதிவு அதற்குக் கட்டாயம். எல்லையோரத்துக்குத் தளம் அமைப்பவர் இதைச் சொல்லாமல் 'இப்போது வாங்குக' என்ற பொத்தானை வைத்துவிடக் கூடாது.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது, டொமைன் எங்கே பதிவாகியுள்ளது, எந்த நாளில் புதுப்பிக்க வேண்டும், ஹோஸ்டிங் அல்லது சேவைக் கணக்கு எந்த மின்னஞ்சலில் உள்ளது, படங்களின் மூலப்பிரதிகள் எங்கே உள்ளன என்பவற்றை வணிகர் படிக்கும் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது இளம் கலைஞரின் கடமை. கடவுச்சொற்களை அவர் முன்னிலையில் அவரே மாற்றிக்கொள்ளச் செய்வதும் அதில் அடங்கும். முன்பணம் பெறுவதற்கு முன்பாகவே டொமைனை வணிகரின் பெயரில், வணிகரின் மின்னஞ்சலில், வணிகரின் கைபேசி எண்ணில் பதிவு செய்து முடிக்குமாறு இத்தொழிலில் இறங்கும் ஒவ்வோர் இளைஞரும் அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.