எஞ்சின் பக்கத்துக் காது



ஒற்றைக் காது செவிடான பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் கொக்ளியர் இம்பிளாண்ட் என்னும் உட்செவிக் கருவி பொருத்துவது பற்றி நீர் எழுதியனுப்பிய கட்டுரையை, நயினாதீவுக்குப் போகும் படகிலே வாசித்து முடித்தேன். கருவியின் அமைப்பும் சத்திரசிகிச்சையின் கிரமமும் நாமிருவரும் அறிந்தவையாதலால் அவற்றை விட்டு, என்னை எரிச்சலூட்டிய விஷயங்களுக்கு நேரே வருகிறேன்.

சுவிட்சைப் போட்டார்கள், சிறுமி சிரித்தாள், தாயார் கண்ணீர் விட்டார். அத்தோடு கட்டுரை முடிந்தது. இந்தச் சிரிப்பு, இரு செவியும் கேளாத குழந்தையின் விஷயத்திலேயே அரைச் சித்திரம். ஒரு செவி செவ்வையாய்க் கேட்கும் பிள்ளையின் விஷயத்திலோ முழுப் பிரமை. இயல்பான நாதத்தை ஒரு பக்கத்தால் அநுபவித்து வந்த அவளுக்கு, பன்னிரண்டோ இருபத்திரண்டோ மின்முனைகளின் வழியே மறுபக்கம் வந்து சேரும் ஒலி, முதல் நாளில், தகரத்தில் ஆணி கீறினாற்போல விகாரமாய்த் தோன்றுவதே வழக்கம். நல்ல செவி எதையும் முந்திக்கொண்டு கேட்டுவிட, புதுச் செவி சோம்பிக் கிடக்கும். ஆகவே கதையையும் பாட்டையும் கம்பியின்றி அக்கருவிக்கு மாத்திரம் அனுப்பி, அந்தச் செவியைத் தனியே உட்காரவைத்து மாதக்கணக்கில் பயிற்றவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளையாயின், கருவியின் அளவுகளைச் சரிப்படுத்தும் ஒவ்வொரு மெப்பிங்குக்கும் குறிகாட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். சோளகம் எழும்பினால் படகே இல்லை. உப்புக்காற்றிலும் வியர்வையிலும் கருவி பழுதாகாமல், இரவில் ஈரமுறிஞ்சிப் பெட்டியில் வைத்து எடுக்கும் பொறுப்பு அந்தத் தாயாருடையது. இவற்றுள் ஒரு வரியேனும் உமது கட்டுரையில் இல்லை.

இரண்டாவது: தீவார் 'ஒரு காது போதும்' என்றிருப்பது அறியாமை என்று எழுதிவிட்டீர். ஊர்காவற்றுறையில் சங்கு குளித்த ஒருவரை இளமையில் அறிந்திருந்தேன். ஆழத்திலிருந்து எழும்பிய ஒரு நாளில் இடக்காதின் உட்பகுதி கெட்டு, அக்காது மீளாமலே போயிற்று. படகில் ஏறியதும் அவர் எவருக்கும் முன்னே போய், எஞ்சின் இரையும் பக்கத்துக்குச் செத்த காதைக் கொடுத்து, சனம் கதைக்கும் பக்கத்துக்கு வலக்காதைத் திருப்பி அமர்வார். அவருடைய தலையே இரைச்சலுக்குத் தடுப்பாகிவிடும். தலைநிழல் என்று நீர் ஒரு பக்கம் முழுவதும் விளக்கியதை அவர் அந்த இருக்கையிலேயே நிரூபித்தார். ஆனால் அந்தச் சாமர்த்தியம் தீர்க்காதது ஒன்றிருந்தது. வேறொரு படகு ஹோர்ன் அடித்தால் அவர் தலை இரு பக்கமும் அலையும். மகன் விரலை நீட்டிய பிறகே திசை தெரியும். இரு செவிகளுக்குமிடையே ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் கூடினால் 0.7 மில்லிசெக்கன்; அந்த அற்பத்தை அளக்கும் இரண்டாம் செவி இல்லாதவனுக்குக் கடலில் திசையில்லை. அதிலும் அவரை வதைத்தது செவிட்டுத்தன்மையன்று, அக்காதில் ஓயாத இரைச்சல். அந்த்வெர்ப் வைத்தியர்கள் ஒற்றைச் செவிடருக்கு இந்த இரைச்சலைத் தணிக்கவே இக்கருவி பொருத்தி, கண்ட பலனை 2008 இல் வெளியிட்டார்கள் என்பதை விட்டு, 2019 ஜூலையில் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருக்கு அனுமதி தந்ததிலிருந்து சரித்திரத்தைத் தொடங்கினீரே, ஏன்? சங்கு குளித்தவரிடம் கேட்டிருந்தால் முதற்பக்கமே வேறாயிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றை மறைக்க மனமில்லை. பிறவியிலேயே ஒரு காது கேளாத பிள்ளைகளுட் பலருக்குச் செவி நரம்பே மெலிந்தோ இல்லாமலோ இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாராமல் கத்தியைத் தொடலாகாது, நரம்பில்லையேல் ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் குரொஸ் கருவியோ எலும்புவழிக் கருவியோதான் கதி என்று, பெற்றோரின் ஆசைக்கு அஞ்சாமல் நீர் எழுதிய பந்திக்கு நிகரானதை எம்முடைய தமிழில் நான் கண்டதில்லை. காலம் கடத்தக் கடத்தச் செவிட்டுச் செவியின் பாதை மூளையில் மங்கும் என்று அதற்கடுத்து எழுதியதும் அப்படியே. அந்த இரு பந்திகளுக்காகவே இக்கடிதம்.

தமிழ்நாட்டின் இலவசத் திட்டத்தைப் புகழ்ந்த இடத்தில், அது இரு செவியும் கேளாத சிறு குழந்தைகளுக்கே உரியது என்பதையும் சேர்த்துவிடும். இல்லையேல் இங்கிருந்து யாரேனும் காணியை ஈடு வைத்துச் சென்னைக்குப் புறப்பட்டுவிடுவர். சிரிப்பை வெட்டிவிட்டு, அவ்விடத்தில் பயிற்சியின் முதல் ஆறு மாதத்தை எழுதி அனுப்பும். எழுத்து சற்றுப் பெரிதாயிருக்கட்டும். என் கண்ணாடியும் பழையது.