ஆடிகளின் இயல்பு

ஒளிக்கிரணம் ஓர் ஆடியிற் பட்டு மீளுங்கால் படுகோணமும் மீள்கோணமும் சமமாகவே இருக்கும். இவ்வொரு விதியைக் கொண்டே ஆடிகளின் தொழில் அனைத்தையும் நாம் அறியலாகும்.

முதலாவது, சமதள ஆடி. நம் முகத்தினின்று சென்ற கிரணங்கள் அதிற் பட்டுக் கண்ணை வந்தடைகின்றன. கண்ணோ கிரணங்கள் நேரே வந்தனவாகவே கொள்ளும். ஆதலின், முகம் ஆடிக்கு முன் எவ்வளவு தூரத்திலுளதோ, பிம்பம் அதற்குப் பின் அவ்வளவு தூரத்தில் தோன்றும். ஆங்கே உண்மையில் ஒளி சென்று கூடுவதில்லை. எனவே அது மாயபிம்பம் எனப்படும். நம் உருவம் முழுவதையும் காண, நம் உயரத்திற் பாதியளவுள்ள ஆடியைத் தக்க உயரத்தில் மாட்டினாற் போதும்; விலகி நிற்பினும் இவ்வளவு மாறாது.

குழியாடி, தொலைவினின்று இணையாய் வரும் கிரணங்களைக் குவியத்திற் சேர்க்கும். குவியத்துக்கும் ஆடிக்கும் இடையேயுள்ள பொருள் நிமிர்ந்து பெரிதாய்த் தோன்றும். குவியத்துக்கு அப்பாலுள்ளதன் பிம்பம் தலைகீழாய்த் திரையில் விழும். இது மெய்ப்பிம்பம். குவியாடியோ கிரணங்களை விரிப்பதால், பரந்த காட்சியைச் சிறிதாக்கிக் காட்டும். மோட்டார் வண்டியிற் பின்வருவோரைக் காண இதனை அமைப்பர். ஆயினும் பின்வரும் வண்டி சிறுத்துத் தோன்றுதலின் தொலைவிலுள்ளதென மயங்குதல் எளிது. அம்மயக்கம் உயிருக்கே கேடாய் முடியலாம்.

1668-இல் நியூட்டன் குழியாடி கொண்டு தொலைநோக்கி ஒன்று சமைத்தார். ஆனால் கோள வடிவான ஆடியின் விளிம்பிற் படும் கிரணங்கள், நடுவிற் படுவனவற்றினும் ஆடிக்குச் சற்று அருகே கூடுகின்றன. அதனாற் பிம்பம் தெளிவிழக்கும். பெரிய ஆடிகளின் வளைவை மிக நுட்பமாய் அமைப்பது இதுபற்றியே.

1990-இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர் குறுக்களவுள்ளது. அதன் விளிம்பு, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏறக்குறைய 2 பங்கே மிகையாய்த் தேய்ந்திருந்தது. அவ்வளவிலேயே விண்மீன்கள் மங்கித் தோன்றின. காரணம் யாது? ஆடியைச் சோதித்த கருவியில் வில்லையொன்று 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியிருந்தது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், அவை நுட்பங்குறைந்தவையென ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர் சென்று, அப்பிழைக்கு நேர்மாறாய் வளைத்த சிற்றாடிகளைப் பொருத்தியபின்னரே காட்சி தெளிந்தது.

ஆடி தன் விதியினின்று சிறிதும் வழுவவில்லை. அளந்த கருவியே வழுவியது. ஆய்வுக்கூடத்தில் ஈரளவுகள் மாறுபடுமாயின், நமக்கு உவப்பானதைக் கொண்டு மற்றதைத் தள்ளாது, இரண்டையும் மீண்டும் சோதிப்போமாக.