ஒரே அப்பம், ஒரே பந்தி

(பத்தாம் வகுப்பு மாணவி)

நற்கருணை வாங்க நாம் நிற்கும்போது பணக்காரருக்கு ஒரு வரிசை, ஏழைக்கு ஒரு வரிசை என்று இல்லை. அனைவருக்கும் கிடைப்பது ஒரே அப்பம். ஆனால் கோவிலை விட்டு வெளியே வந்தபின் ஒரே பந்தியில் அமருகிறோமா? இக்கேள்வியை ஏறத்தாழ 1,970 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் புனித சின்னப்பர்.

கிரேக்க நாட்டிலுள்ள கொரிந்து, இரு துறைமுகங்களைக் கொண்ட வணிக நகரம். கி.மு. 146-இல் உரோமையரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் நிறுவப்பட்டது. செல்வரும் கூலியாட்களும் அடிமைகளும் அங்கே வாழ்ந்தனர். சின்னப்பர் அந்நகரில் ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்தார். அக்காலத்தில் தனிக் கோவில் கட்டிடங்கள் இல்லை. விசுவாசிகள் வீடுகளில் கூடி உணவருந்தி, ஆண்டவரின் விருந்தைக் கொண்டாடினர்.

அங்கேதான் குறை புகுந்தது. வசதியுள்ளோர் முன்னதாகவே உண்டு குடித்தனர்; இல்லாதவர் பசியோடு இருந்தனர். அக்கால வீட்டின் உணவறையில் சுமார் ஒன்பது பேர்தான் அமரலாம். எனவே செல்வர் உள்ளேயும், வேலை முடித்துத் தாமதமாய் வந்த எளியோர் முற்றத்திலும் இருந்திருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

இதைக் கேள்வியுற்ற சின்னப்பர், எபேசு நகரிலிருந்து கி.பி. 55-ஐ ஒட்டிக் கடிதம் எழுதினார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 11-ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். இல்லாதவரை வெட்கமுறச் செய்துவிட்டு உண்பது ஆண்டவரின் விருந்து ஆகாது என்று கண்டிக்கிறார். அவர் கூறும் மருந்து மிக எளியது: ஒருவர் மற்றவருக்காகக் காத்திருங்கள். பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகுமாறு நம் ஆண்டவரும் மலைப்பொழிவில் போதித்தாரன்றோ?

மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்தபோது நாங்கள் தலைகுனிந்தோம். ஏனெனில் டிபன் பாக்ஸ் கொண்டுவரும் நாங்கள் வேப்பமரத்தடியில் உண்போம். சத்துணவு வாங்கும் தோழியர் சமையற்கூடத் திண்ணையில் உண்பர். அவர்கள் தட்டேந்தி வருவதைக் கண்டு எங்களில் சிலர் சிரித்ததும் உண்டு.

மறுநாள் நாங்கள் திண்ணைக்குச் சென்றோம். அவர்கள் ஒதுங்கி இடம் விட்டனரேயன்றிப் பேசவில்லை. எங்கள் டப்பாவை நீட்டினோம். "எங்களுக்குத்தான் சோறு இருக்கிறதே" என்றாள் ஒருத்தி. எங்களுக்குச் சுருக்கென்றது. தருமம் செய்பவர்களாகத்தானே நாங்கள் போயிருந்தோம்! "நாங்கள் சிரித்தது தவறு, மன்னித்துக்கொள்" என்றோம். அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு தன் முட்டையில் பாதியைப் பிட்டு எங்கள் டப்பாவில் வைத்தாள். தயங்காமல் உண்டோம்.

கொடுப்பது மட்டும் ஒப்புரவு அன்று. ஏழையின் கையிலிருந்து வாங்குவதும் ஒப்புரவே என்று அன்று கற்றோம். இப்பொழுது மணி அடித்ததும் அனைவரும் கூடும்வரை காத்திருந்தே உண்கிறோம்.

ஆகவே அன்புத் தோழியரே, பீடத்தில் ஒரே அப்பத்தை உண்ணும் நாம், பந்தியிலும் ஒன்றாய் அமர்வோமாக!