கடைசிப் பந்தி வரைக்கும்

அன்புள்ள பேத்திக்கு,

ஆச்சி எழுதுவது. தலைப்பொங்கலுக்கு உன் அம்மாவும் அப்பாவும் பொங்கல்படி கொண்டு வருகிற அன்றைக்கே, உன் மாமியார் வீட்டாரையும் அழைத்து எல்லாருக்கும் உன் வீட்டிலேயே இலை போடப் போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. போனில் பேசினால் பாதி மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மேசை அலங்காரப் படங்களை எல்லாம் பார்த்தேன். நடுவில் பூச்சாடி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மேசை நீளத்துக்குத் தங்க நிறத் துணி, தட்டுக்குத் தட்டு மடித்து வைத்த நாப்கின். அழகாகத்தான் இருக்கிறது. வேண்டியதை அவரவர் தட்டில் எடுத்துக்கொண்டு முள்கரண்டியால் சாப்பிடுகிற விருந்துக்கு அது பொருந்தும். நம் சாப்பாடு ஒவ்வொன்றாக இலைக்கு வந்து சேர்வது. ஒருவர் உட்கார்ந்து சாப்பிட, இன்னொருவர் எதிரே நின்று குனிந்து பரிமாற வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் விடு. மிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே அலங்காரம் செய்துகொள்ளலாம்.

முதல் வேலையாக டேப்பை எடுத்து மேசையை அளந்து பார். ஆறு பேர் மேசை என்று விற்பது பெரும்பாலும் 5 அடி நீளமும் 3 அடி அகலமுமாக இருக்கும். நல்ல சாப்பாட்டு இலை 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம் வரும். 5 அடிக்கு இரண்டு இலைதான் தாராளமாகப் போடலாம். மூன்றாவது இலை போட்டால் ஒருவர் இலையின் நுனி பக்கத்து இலைமேல் ஏறிவிடும். எதிரும் புதிருமாகப் போட்டால் நடுவில் மிஞ்சுவது அரையடி. அதில் பூச்சாடி எங்கே வைப்பாய்? அதைவிடச் சங்கடம், பரிமாறுகிறவர் உட்கார்ந்திருப்பவர் தோளுக்கு மேலே கையை நீட்டிக் குழம்பு ஊற்ற வேண்டியிருக்கும். பொங்கலுக்கு எடுத்த புதுப்பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் இரண்டு பேருக்குமே மனசு கசங்கும்.

கல்யாண மண்டபத்தில் கவனித்திருப்பாய். மேசை குறுகலாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும்தான் நாற்காலி போடுவார்கள். பரிமாறுகிறவர்கள் வாளியோடு எதிர்ப்பக்கமாகவே நடந்து போவார்கள். அனுபவத்தில் கண்டுபிடித்த ஏற்பாடு அது. உன் மேசையிலும் ஒரே பக்கத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு தலைமாட்டிலும் ஒவ்வொன்று போட்டுக்கொள். மறுபக்கம் பரிமாறுகிறவருக்கு. தாத்தா, உன் பெரிய மாமனார், முட்டிவலிக்காரர்கள் எல்லாம் அங்கே உட்காரட்டும். மற்றவர்களுக்கு ஹாலில் கீழே பாய் விரித்துவிடு.

ஹால் 12 அடி அகலம், 16 அடி நீளம் என்று உன் அப்பா சொன்னான். சோபாவையும் டீபாயையும் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டால் இரண்டு வரிசை தாராளமாக வரும். சுவரோரம் முதுகு, நடுவைப் பார்த்து முகம். உட்காருவதற்கும் இலைக்கும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 4 அடி போனால், நடுவில் பரிமாற 4 அடி இருக்கிறது. ஆளுக்கு இரண்டேகால் அடி என்று கணக்குப் போட்டால் வரிசைக்கு ஏழு பேர். மேசையோடு சேர்த்து ஒரு பந்திக்குப் பதினெட்டுப் பேர் சாப்பிடலாம். நீ சொல்கிற ஆள்கணக்குக்கு இரண்டு பந்தி ஆகும். பந்திப்பாய் தேடி அலையாதே. பத்தமடையில் நெய்த கோரைப்பாய் நம் பரணில் இருக்கிறது, கொண்டு வருகிறேன். வெயிலில் ஒரு நாள் காயப் போட்டு, ஈரத் துணியால் துடைத்தால் புதுசு மாதிரி இருக்கும்.

அடுத்தது இலை. பொங்கல் நெருங்க நெருங்க இலை விலை ஏறிக்கொண்டே போகும். கோயம்பேட்டில் முந்தின நாள் காலையிலேயே வாங்கிவிடு. பூவன் வாழை இலையாகக் கேள். மெல்லிசாக இருக்கும், மடங்கினாலும் சட்டென்று கிழியாது. தலைவாழை இலை எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதே. விளக்குக்கு முன்னால் போடுகிறதும் முதிர்ந்தவர்களுக்குப் போடுகிறதும் நுனி இலையாக இருக்கட்டும், மற்றவர்களுக்கு ஏடு போதும். ஆனால் புதுச் சம்பந்தி வரிசையில் ஒருவருக்கு நுனி இலையும் பக்கத்தில் இருப்பவருக்கு ஏடும் போட்டுவிடாதே. போட்டால் அந்த வரிசை முழுக்க ஒரே மாதிரி போடு. தலைக்கு ஒன்று என்று எண்ணி வாங்காமல் கிழிசலுக்கும் எதிர்பாராமல் வருகிறவருக்கும் சேர்த்து வாங்கு.

இலைக்கட்டை ஃபிரிட்ஜில் வைக்காதே, கறுத்துவிடும். நனைத்த சாக்கிலோ பழைய வேட்டியிலோ சுற்றி நிழலில் வை. காலையில் ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் ஈரத் துணியால் துடை. நடுநரம்பு தடித்திருந்தால் பின்பக்கமாகக் கத்தியால் சீவிவிடு, இலை தரையோடு படிந்து உட்காரும். இல்லாவிட்டால் ரசம் வழிந்து ஓடும். மேசையில் போடும்போது மின்விசிறிக் காற்றில் இலை தூக்கும். அதற்கு, மேசையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து அதன்மேல் இலையை வைத்து அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

கடையில் பச்சை நிறத்தில் வாழை இலை மாதிரியே பிளாஸ்டிக்கில் ஒன்று விற்பார்கள். மேசைக்கு விரிக்கப் பிளாஸ்டிக் சுருளும் யாராவது வாங்கி வருவார்கள். இரண்டையும் வீட்டுக்குள் விடாதே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் சாப்பாட்டு மேசை விரிப்பும் உண்டு. சட்டம் இருக்கட்டும், சுடுசோறு அதன்மேல் விழுவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

இலை போடுகிற விதம் உனக்குத் தெரியும். இருந்தாலும் காரணத்தோடு சொல்கிறேன், பரிமாற வரும் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடுக்க வேண்டும். நுனி சாப்பிடுகிறவருக்கு இடக்கைப் பக்கம். அகலமான பக்கம் வலக்கைக்கு வந்தால்தான் சோறு பிசைய இடம் கிடைக்கும். குறுகின நுனிப்பக்கம் கொஞ்சமாக வைக்கிற உப்பு, ஊறுகாய், இஞ்சிப்பச்சடிக்கு. அங்கிருந்து வலப்பக்கமாக இலையின் மேல்பாதியில் தயிர்ப்பச்சடி, சிறுகிழங்குப் பொரியல், அவியல், கூட்டு. நடுநரம்புக்குக் கீழே இடது ஓரத்தில் வடையும் பழமும். அப்பளத்தை முதலிலேயே வைத்துவிடாதே. சோறு விழுகிற நேரத்தில் கொண்டு வந்தால் மொறுமொறுப்பு போகாது. அவியலுக்கும் தயிர்ப்பச்சடிக்கும் நடுவில் பொரியல் இருக்கட்டும். தண்ணீர் விடுகிற இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றோடு ஒன்று கலந்து இரண்டின் ருசியும் கெடும். டம்ளரை இடக்கைக்கு எட்டுகிற இடத்தில், இலைக்கு வெளியே வை. எச்சில் கை அதில் படக் கூடாது.

இது நம் திருநெல்வேலி முறை. உன் மாமியார் வீட்டு முறை வேறாக இருக்கலாம். சிலர் இனிப்பைத்தான் முதலில் வைப்பார்கள், சிலர் பருப்பும் நெய்யும் வரும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார்கள். ஒரு வாரம் முன்னாலேயே அவரைக் கூப்பிட்டு, "அத்தை, நம்ம வீட்டுல இலைல எது முதல்ல வைப்பீங்க?" என்று கேள். கேட்பதே பாதி மரியாதை. அவர் சொல்கிற வரிசையையே அன்று வைத்துக்கொள், நம் ஆட்கள் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் கைப்பக்குவத்தில் ஒரு பதார்த்தம் கட்டாயம் இலையில் இருக்க வேண்டும். இடிசாம்பாரும் பால் பொங்கலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி நீ ஆசையாகக் கேட்ட அலங்காரம். பொங்கலுக்கு நம் ஊரில் விளக்குக்கு முன்னால் இலை போட்டு என்னென்ன பரப்புவோம் என்று நினைத்துப் பார். மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு, சேனை, சிறுகிழங்கு, பூசணி, கத்தரிக்காய். மஞ்சளின் பச்சை இலையும் சேனையின் மண் நிறமும் பூசணியின் மஞ்சளும் சேர்ந்து இருக்கிற அழகுக்கு எந்தக் கடை அலங்காரமும் ஈடாகாது. இதைப் பூஜை மூலையில் ஒளித்து வைக்காமல், ஹாலில் கிழக்குச் சுவரோரம் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வை. குத்துவிளக்கு இரண்டும் அங்கேயே. மின்விசிறிக் காற்றும் பிள்ளைகள் ஓட்டமும் படாத மூலையாகப் பார்த்துக்கொள். கரும்பைச் சுவரில் சாய்த்து அடியை ஒரு கயிற்றால் கட்டிவிடு, வழுக்காது.

கோலம் மாக்கோலமாக இருக்கட்டும். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, துணியை நனைத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டு இழை இழுக்க வேண்டும். சுற்றிக் காவிக் கரை. காய்ந்துவிட்டால் காற்றுக்குப் பறக்காது. பொடிக்கோலத்தை வாசலோடு நிறுத்திக்கொள். சாப்பிடுகிற இடத்தில் போட்டால் விசிறி போட்ட நிமிஷம் அது இலையில்தான் விழும். பந்திக்கு நடுவே நடக்கிற வழியிலும் கோலம் வேண்டாம், பரிமாறுகிறவர்கள் மிதிக்கத் தயங்கி ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள்.

பூவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிச்சியும் மல்லியும் பெண்கள் தலையில் இருக்கட்டும். இலைப்பக்கம் கொண்டு வராதே. நெய்யும் பெருங்காயமும் வறுத்த தேங்காயும் மணக்கிற இடத்தில் பூவாசம் புகுந்தால் இரண்டுமே தெரியாமல் போகும். ஊதுபத்தியையும் பந்தி தொடங்கும் முன்னே அணைத்துவிடு. வாசல் நிலையில் மாவிலைத் தோரணம், உள்ளே நுழைந்ததும் பெரிய உருளியில் தண்ணீர் ஊற்றிச் செவ்வந்தி மிதக்கவிடு. அந்தத் தங்க நிறத் துணியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டாய் என்றால் வீணாக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, பழத்தட்டு வைக்கிற முக்காலிக்கு விரித்துவிடு. சாப்பிட்டு எழுந்து வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

இவ்வளவும் முதல் பந்திக்கு எல்லா வீட்டிலும் நடக்கும். நான் முக்கியமாக எழுத நினைத்தது கடைசிப் பந்தியைப் பற்றி.

எத்தனையோ விசேஷ வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதல் பந்திக்கு நுனி இலை, விரிப்பு, கோலம், கவனிப்பு எல்லாம் உண்டு. கடைசியில் சமைத்த பெண்கள் உட்காரும்போது தரையில் பருக்கை கிடக்கும், அவியல் அடிச்சட்டியில் ஒட்டியிருக்கும், வடை தீர்ந்துபோயிருக்கும். "எங்களுக்கு என்ன, எப்படியும் சாப்பிட்டுக்குவோம்" என்று அடுக்களையிலேயே தட்டைப் போட்டுக்கொள்வார்கள். அவர்களும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு நாமும் சும்மா இருந்துவிடக் கூடாது, தாயி. உன் வீட்டில் அந்த வழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதே.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். முதல் இலை விழுவதற்கு முன்னால் கடைசிப் பந்தி ஆள்கணக்குக்கு எல்லாப் பதார்த்தத்திலும் தனித்தனி ஏனத்தில் எடுத்து மூடி, அடுக்களை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடு. வடை மாவும் அப்பளமும் அவர்களுக்கென்று நிறுத்தி வைத்து அந்த நேரத்தில் சுடச்சுடப் பொரிக்கட்டும். முதல் பந்தி எழுந்ததும் இலை எடுத்து, தரையைத் துடைத்து, பாயைத் தட்டி மறுபடி விரிக்க ஆளை முன்பே சொல்லி வை. அந்தப் பந்திக்குப் பரிமாறுகிறவர்கள் உன் வீட்டுக்காரரும் உன் தம்பியும் சித்தப்பாமாரும். மாப்பிள்ளையிடம் இதை இப்போதே சொல். அன்றைக்குச் சொன்னால் அவர் அப்பாவுக்கு முன்னால் வாளியைத் தூக்கக் கூச்சப்படுவார். ஒத்திகையாக வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு நாள் பரிமாறிப் பார்க்கட்டும். வாளி இடக்கையில், கரண்டி வலக்கையில். சாம்பாரை அடியிலிருந்து கலக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இலைக்காரருக்குத்தான் காயெல்லாம் போகும். குழம்பை உயரத்திலிருந்து ஊற்றக் கூடாது, "போதுமா" என்று கேட்காமல் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க வேண்டும்.

உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவையும் அந்தப் பந்தியில் உட்காரச் சொல். பாத்திரத்தில் போட்டுக் கொடுத்து அனுப்புவது வேறு, இலை போட்டு உட்கார வைப்பது வேறு. அவர் தயங்கினால் உன் பக்கத்து இலையில் உட்கார வை. வாட்ச்மேன் தம்பி இடத்தைவிட்டு வர முடியாது என்றால் அவருக்கு முதல் பந்தியோடே சூடாகக் கீழே போய்விட வேண்டும்.

நீயும் அந்தக் கடைசிப் பந்தியில் உட்காரு. நின்றுகொண்டே ஒரு வாய், நடந்துகொண்டே ஒரு வாய் என்று சாப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. உன் இலையில் நான் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன்.

போகிக்கு முந்தின நாள் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் வந்து இறங்குவோம். சிறுகிழங்கு, பனங்கிழங்கு, மஞ்சள் குலை, பந்திப்பாய் எல்லாம் இருக்கும், இரண்டு பேர் வந்தால்தான் தூக்க முடியும். மறக்காமல் உன் அடுக்களைச் சுவர் அலமாரி ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல். பெரிய ஏனங்கள் அதில் அடங்குமா, அல்லது மூடி போட்ட சின்னத் தூக்குகளாக எடுத்து வரட்டுமா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஆச்சி