கைப்பேசியே கணினியாகுமா?

மாணவர்களே! வீட்டில் கைப்பேசி இருக்கிறது, கணினி இல்லை. கட்டுரை தட்டச்சு செய்ய என்ன வழி? கைப்பேசியையே கணினியாக்கலாம்!

கணினிக்கு வேண்டிய செயலியும் நினைவகமும் கைப்பேசிக்குள்ளேயே உள்ளன. குறைவது பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவையே. இவற்றைக் கைப்பேசியுடன் இணைக்கும் கருவிக்கு 'டாக்' என்று பெயர். வீட்டுத் தொலைக்காட்சியே திரையாகவும் உதவும். மோட்டோரோலா 2011இல் ஏட்ரிக்ஸ் கைப்பேசிக்கும், சாம்சங் 2017இல் கேலக்ஸி எஸ்8 கைப்பேசிக்கும் இத்தகைய டாக்குகளை வெளியிட்டன.

சாம்சங்கின் டாக்கினுள் ஒரு சிறு மின்விசிறி இருந்தது. எதற்காக? செயலி பெறும் மின்னாற்றல் அநேகமாக முழுவதும் வெப்பமாக மாறுகிறது. மேசைக் கணினியில் விசிறி அதை வெளியேற்றுகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் விசிறி இல்லை. வெப்பம் அவற்றின் மேற்பரப்பு வழியாகவே வெளியேற வேண்டும். சூடு மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே தட்டச்சுக்கும் படிப்புக்கும் கைப்பேசி போதும். நெடுநேரக் கடுங்கணக்கீடுகளுக்கு மேசைக் கணினியே ஏற்றது.

ஓர் எச்சரிக்கை! சார்ஜர் செருகும் யூஎஸ்பி-சி துளை எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே வடிவில்தான் இருக்கும். ஆனால் எல்லாமே அதன் வழியே படத்தை வெளியே அனுப்புவதில்லை. எனவே டாக் வாங்குமுன், உங்கள் கைப்பேசியின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட்' வசதி கூறப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

அரைமணி நேரம் வீடியோ பார்த்தபின் கைப்பேசியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களால் கூற முடியும் அல்லவா?