பிரித்த செட் திரும்பி வரும்போது: பழைய போன் கடை வைக்கும் தம்பிகளுக்கு

செகண்ட் ஹேண்ட் போன் கடை போட நினைக்கிற பையன்கள் என்னிடம் வந்து செட் எங்கே எடுப்பது, எவ்வளவுக்கு விற்பது என்றெல்லாம் கேட்கிறார்கள். நம்மிடம் வாங்கியவர் அதை வேறு கடையில் பிரித்து, பார்ட் மாற்றிவிட்டு, "சரியில்லை, பணத்தைக் கொடு" என்று வந்து நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்தாலும் சரி, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வைத்தாலும் சரி, அந்த நாள் வந்தே தீரும்.

1. விற்கிற அன்றைக்கே சாட்சி சேர்த்து வை. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதோடு சேர்த்து ஒரு போட்டோ எடு. சிம் டிரேயைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார். ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும் சின்ன வெள்ளைப் பட்டை பல செட்டுகளில் அங்கே இருக்கும். அதையும் படம் எடு. செட்டைத் திறந்து பார்த்து மூடினால், ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வை. யாராவது திருகினால் அது பெயர்ந்து காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிட வேலைதான். இது இல்லாவிட்டால் பிறகு உன் வாய்ச்சொல்லுக்கு எதிராக அவர் வாய்ச்சொல் மட்டும்தான் நிற்கும்.

2. பில் போடாமல் விற்காதே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்த வரி உன்னைக் காப்பாற்றும் என்றும் நம்பாதே. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடு. எழுதாவிட்டால் 30 நாள். ஆகவே கெடுவை நீயே எழுது: "செக்கிங் வாரண்டி 10 நாள். வேறு கடையில் பிரித்தால், பிரித்ததால் வந்த பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல." அதற்குக் கீழே, தெரிந்த குறைகளை ஒவ்வொன்றாக எழுது. டிஸ்பிளே மாற்றியது, பேட்டரி லோக்கல், பின் கண்ணாடியில் கீறல் என்று எதையும் விடாதே. வாங்குபவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

3. கோபத்தோடு வருகிறவரை முதலில் உட்கார வை. "நீங்கதானே சார் பிரிச்சீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, யாரிடம் காட்டினீங்க?" என்ற மூன்றை மட்டும் கேட்டு, பதிலை எழுதிக்கொள். நான்காவதாக ஒன்று உண்டு: "கழற்றிய பழைய பார்ட் எங்கே?" அது கையில் இருந்தால், திரும்பப் போட்டுப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். "கடையிலேயே விட்டுட்டேன்" என்றால், முடிந்தால் வாங்கிவரச் சொல்.

4. செட்டை உள்ளே கொண்டுபோகாதே. அவர் கண் முன்னால் மேசையில் வைத்து, வீடியோ ஓடவிட்டுச் சோதி. முதலில் ஐஎம்இஐ. எண் மாறியிருந்தால் அது நீ விற்ற செட் அல்ல, அல்லது உள்ளே போர்டு மாறியிருக்கிறது; அதைக் கையில் வாங்கி வைக்கவே வேண்டாம். அடுத்து ஸ்க்ரூ, பசை, சிம் டிரே உள்ளே நிறம். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் பக்கத்துக்குப் போ. புது மாடல்களில் மாற்றிய டிஸ்பிளேயும் பேட்டரியும் ஒரிஜினலா, 'அன்நோன் பார்ட்'டா என்று அதுவே சொல்லும். சாம்சங்கில் பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றியிருந்தால் நாக்ஸ் எண் 0-இலிருந்து 1 ஆகிவிடும். அது திரும்பவும் 0 ஆகாது. நல்ல ஒரிஜினல் டிஸ்பிளேயை எடுத்துக்கொண்டு லோக்கல் காம்போ மாட்டித் திருப்பித் தருகிற ஆட்களும் உண்டு. முதல் நாள் எடுத்த போட்டோ அவர்களுக்குத்தான்.

5. மாற்றியதையும் பழுதையும் தனித்தனியாகப் பார். இந்தத் தொழிலில் பாதிச் சண்டை இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறார். அவர் மாற்றியிருப்பது பின் கண்ணாடி. சார்ஜிங் போர்ட்டில் யாரும் கை வைக்கவில்லை என்றால், கண்ணாடியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம். டிஸ்பிளே மாற்றிய பிறகு டச் வேலை செய்யவில்லை என்றால் அது அவர் பாடு. சார்ஜ் நிற்கவில்லை என்று பேட்டரி மாற்றியும் நிற்கவில்லை என்றால், கோளாறு போர்டில் இருக்க வாய்ப்பு அதிகம். அது விற்ற அன்றே இருந்திருக்கலாம். அவர் மாற்றியதற்கு அவர் பொறுப்பு, நாம் மறைத்ததற்கு நாம் பொறுப்பு. அவர் பிரித்துவிட்டார் என்பதால் நீ சொன்ன பொய் மெய்யாகிவிடாது.

6. சட்டமும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் போகிறது. வாங்கியவர் பொருளைத் தன் சொத்தாகக் கருதி, விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத காரியம் எதையாவது செய்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதலாம் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42-ஆம் பிரிவு. ஏற்றுக்கொண்ட பிறகு பொருளைத் தூக்கிக் கொடுத்து முழுப் பணம் கேட்பது கடினம். ஆனால் சொன்ன தரம் இல்லை என்றால் விலையில் குறைக்கச் சொல்லவும் நஷ்டஈடு கேட்கவும் 59-ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. ஆகவே "பிரிச்சாச்சு, ஒண்ணும் கிடையாது" என்பதும் தவறு, "முழுசா கொடு" என்பதும் தவறு.

7. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டு. ₹12,000-க்கு விற்ற செட் என்று வை. போர்டு கோளாறு நம்முடையது. அவர் போட்ட லோக்கல் டிஸ்பிளேயை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்க ₹2,800 செலவாகும். கழித்தால் ₹9,200. அந்த ₹2,800-க்குப் பார்ட் கடை விலையைப் போனில் கேட்டுக் காட்டு. வாய்க்கு வந்த தொகையைக் கழித்தால், நீ பிடித்தம் பண்ணிச் சம்பாதிக்கிறாய் என்றுதான் நினைப்பார். பணத்துக்குப் பதில் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவது, வித்தியாசத் தொகை வாங்கிக்கொண்டு வேறு செட் தருவது என்று இன்னும் இரண்டு வழியும் சொல். மூன்றில் ஒன்றை அவரே எடுக்கட்டும்.

8. கூகுள் கணக்கையோ ஐக்ளவுடையோ அவர் கையாலேயே வெளியேற்றி, செட்டை ரீசெட் செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. பணம் போன பிறகு அவர் போன் எடுக்காவிட்டால், உன்னிடம் இருப்பது பூட்டிய டப்பாதான். எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில் திருப்பி அனுப்பு. ஐஎம்இஐ, தொகை, கழித்த காரணம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

9. "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்றால் பயப்படாதே, பதிலுக்கு மிரட்டவும் செய்யாதே. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் அவர் புகார் செய்யலாம். ₹5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. அதனால் சின்னத் தொகைதானே, போகமாட்டார் என்று அசட்டையாக இராதே. நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் போட வேண்டும். மேலும் 15 நாள் ஆணையம் தரலாம். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. முதல் நாள் எடுத்த போட்டோவும் பில்லும் அங்கேதான் பேசும்.

10. திரும்பி வந்த செட்டை அடுத்தவருக்கு விற்கும்போது, "ஒருமுறை பிரித்துப் பார்ட் மாற்றியது" என்று பில்லில் எழுதி, விலையைக் குறைத்துக் கொடு. எழுதாமல் தள்ளிவிட்டால் இதே சண்டை இன்னொருவரோடு நடக்கும், அப்போது மறைத்தவன் நீயாக இருப்பாய்.