சொல் விளங்காத பாட்டு

கேள்வி: உம்மா அடுப்படியில் முணுமுணுத்த பாட்டொன்று. சொற்கள் பாதிதான் விளங்கும், ஆனாலும் கேட்டால் அழுகை வருகிறது. ஏன்?
– வாசகி, எலுவன்குளம்

பதில்: புத்தளத்துக்கு அருகே சிரம்பியடிக்கு ஒருமுறை போய்வாருங்கள், சகோதரி. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். இன்று பேசுவது சிங்களம். பாடும் ‘மஞ்சா’ப் பாட்டுகளின் மொழியோ போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி. சிரட்டை, கரண்டி, போத்தல் எல்லாம் தாளம். மெல்லத் தொடங்கிப் போகப்போக வேகமெடுக்கும். பாடுகிறவர்களில் பலருக்கே சொற்களின் அர்த்தம் முழுதாகத் தெரியாது. அம்மம்மா பாடினார், அம்மா பாடினார், அதனால் பாடுகிறார்கள். மொழி போனபிறகும் பாட்டு நின்றது என்பது எனக்குத் தீராத வியப்பு. உங்களை அழவைப்பதும் பாட்டின் சொல்லல்ல, உம்மாவின் குரல்தான். மெட்டு நினைவிலிருக்கும்போதே பிள்ளைகளிடம் பாடிக்காட்டுங்கள்.